திரும்பியிருந்த தட்டு

உங்களுக்கு ஊசி போடக் கற்றுக்கொடுக்க நான் வரவில்லை. அதற்கு என்னைவிட நல்ல கை உள்ளவர்கள் இங்கேயே இருக்கிறார்கள். மேடையில் ஏற்றி மாலை போட்டு, ‘ஐயா பெரிய அனுபவசாலி’ என்றீர்கள் பாருங்கள், அந்த வார்த்தைக்காக ஒரே ஒரு அனுபவத்தைச் சொல்கிறேன். கேட்டு முடித்த பிறகு மாலையைத் திருப்பிக் கேட்டாலும் கொடுத்துவிடுகிறேன், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

எழுபதுகளில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் நான் டிரசராக இருந்தேன். மருத்துவ உதவியாளர் என்கிற உங்கள் வேலைக்கு அன்றைக்கு அதுதான் பெயர். டாக்டர் வாரத்துக்கு ஒருநாள் காரில் வந்து போவார். மற்ற ஆறு நாளும் பெரிய டிரசர், நான், வார்டைக் கூட்டித் துடைத்துச் சாப்பாடு கொடுக்கிற மாரியக்கா, இந்த மூன்று பேர்தான். பெரிய டிரசரை நான் கடைசிவரை ‘சார்’ என்றே கூப்பிட்டேன், இங்கேயும் அப்படியே இருக்கட்டும். கை படு சுத்தம், வாய் படு மோசம்.

இப்போது என் மண்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு இடது வலது இன்றைக்கும் குழம்பும். எண்கள் இடம் மாறி உட்கார்ந்துகொள்ளும். ஒரு வேலையின் நடுவில் யாராவது கூப்பிட்டால், அதுவரை செய்ததெல்லாம் கரும்பலகையைத் துடைத்தமாதிரி போய்விடும். ஆலைச் சங்கு ஊதினால் போதும், என் பெயரே எனக்கு மறந்துவிடும். இதற்கெல்லாம் இன்றைக்கு உங்கள் படிவத்தில் நியூரோடைவர்ஜென்ட், அதாவது மூளை வேறுவிதமாக வேலை செய்கிறவர், என்று ஒரு கட்டம் இருக்கிறது, பேனாவால் ஒரு டிக் போட்டால் முடிந்தது. அன்றைக்கு ஒரே ஒரு பெயர்தான் இருந்தது: தஞ்சோங் ரம்புத்தான். ஈப்போவுக்குப் பக்கத்து ஊர். மனநல ஆஸ்பத்திரி அங்கே இருந்ததால், யாரையாவது பைத்தியம் என்று சொல்ல எங்கள் ஆட்கள் ஊர்ப் பெயரையே சொல்வார்கள். பள்ளிக்கூடத்தில் எனக்கு அதுதான் பட்டப்பெயர். ‘டேய் தஞ்சோங்கு, பஸ் வந்துருச்சு ஏறுடா’ என்பான்கள். நானும் சிரிப்பேன். ஆனால் என்றைக்காவது நிஜமாகவே அந்த பஸ்ஸில் ஏற்றிவிடுவார்கள் என்று நம்பினேன்.

அதனால் வேலைக்கு வந்த நாளிலிருந்து ஒரே குறியாக இருந்தேன். என் மண்டை இப்படிப்பட்டது என்று ஒரு ஈ, எறும்புக்குக்கூடத் தெரியக்கூடாது. அதற்காகச் சின்னச் சின்னத் தந்திரங்கள் வைத்திருந்தேன். அதில் பெரியது ஒரு தட்டு.

வெள்ளை எனாமல் தட்டு, ஓர் ஓரத்தில் பூச்சு பெயர்ந்து கறுப்பாகத் தெரியும். அந்தக் கறுப்பு எப்போதும் என் வயிற்றைப் பார்த்து இருக்க வேண்டும். கைக்கடிகாரம் கட்டிய கைப்பக்கம் முதலில் போட வேண்டிய ஊசி, வெறுங்கைப்பக்கம் அடுத்தது. யார் கூப்பிட்டாலும், எங்கே ஓடினாலும், திரும்பி வந்து தட்டைப் பார்த்தால் விட்ட இடம் தெரிந்துவிடும். என் ஞாபகம் தலையில் இல்லை, அந்தத் தட்டில் இருந்தது. மூன்று வருடம் அப்படியே ஓடியது. ‘பையன் ஒழுங்கானவன்லா, தட்டுகூட நேரா வைப்பான்’ என்று சாரே ஒருமுறை டாக்டரிடம் சொன்னார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒருநாள் காலை பெண்கள் வார்டில் இரண்டு பேருக்கு ஊசி. ஒருவர் அலமேலு, சர்க்கரைக்காரர், வாய் ஓயாமல் பேசுகிறவர். அவருக்கு இன்சுலின். இன்னொருவர் சரோஜா, பால் மரம் வெட்டுகிற, அதாவது ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுக்கிற பெண், நாலு மாதம் வாயும் வயிறுமாக இருந்தார். மூன்று நாளாகத் தண்ணீர்கூடத் தங்காமல் வாந்தி. அவருக்கு வாந்தியை நிறுத்துகிற ஊசி. இன்சுலினுக்கென்று தனி சிரிஞ்சு ஒன்று இருந்தது. முந்தின வாரம்தான் அது கொதிக்கவைக்கும்போது உடைந்தது. ஆகவே இரண்டையும் ஒரேமாதிரிக் கண்ணாடி சிரிஞ்சில் ஏற்றினேன். இரண்டும் ஒரே அளவு, இரண்டும் தண்ணீர் மாதிரித் தெளிவு. கறுப்பு ஓரம் என் வயிற்றுப் பக்கம், கடிகாரப் பக்கம் அலமேலு, வெறுங்கைப் பக்கம் சரோஜா. எல்லாம் சரி.

அந்த நேரம் பார்த்து ஆலையில் சங்கு. ரப்பர் ஷீட்டை நசுக்கும் ரோலரில் ஒருவர் விரல் மாட்டிக்கொண்டது. ‘டிரசரே, ஓடியாங்க!’ என்று வாசலில் ஒரே கூச்சல். தட்டை ஜன்னலோர மேசையில் வைத்துவிட்டு ஓடினேன். சாரும் நானும் அந்த ஆளைத் தூக்கிவந்து, துணி சுற்றி அழுத்தி, ரத்தத்தை ஒருவழியாக நிறுத்தினோம். அந்த மனிதர் போட்ட சத்தம் என் காதுக்குள்ளேயே நின்றுவிட்டது. “நான் பாத்துக்கிறேன், நீ போயி ஊசியப் போட்டுட்டு வா, சீக்கிரம்லா!” என்று சார் கத்தினார்.

போனேன். தட்டு மேசையில் இருந்தது. எடுத்தேன். கடிகாரப் பக்கத்து ஊசி அலமேலுவுக்கு, வெறுங்கைப் பக்கத்து ஊசி சரோஜாவுக்கு. போட்டு முடித்துத் தட்டைக் கீழே வைக்கும்போதுதான் பார்த்தேன். கறுப்பு ஓரம் சுவரைப் பார்த்து இருந்தது.

மேசையில் டெட்டால் வாசனை. ஈரம் இன்னும் காயவில்லை. யாரோ மேசையைத் துடைத்திருக்கிறார்கள். துடைக்கத் தட்டை எடுத்தவர் திருப்பி வைத்துவிட்டார். அல்லது நானே இப்போது வைக்கும்போது திருப்பி வைத்தேனா? எடுக்கும்போது எந்தப் பக்கம் இருந்தது? எவ்வளவு யோசித்தும் ஒன்றும் வரவில்லை. இரண்டு காலி சிரிஞ்சுகள் இருந்தன, எது எதுவென்று சொல்ல எதுவும் இல்லை.

திரும்பியிருந்தால், மூன்று நாளாக ஒன்றும் சாப்பிடாத வயிற்றுப்பிள்ளைக்காரிக்கு நான் இன்சுலின் போட்டிருக்கிறேன். உடம்பில் இருக்கிற கொஞ்சநஞ்சச் சர்க்கரையையும் அது உறிஞ்சிவிடும். முதலில் வியர்க்கும், பிறகு நடுக்கம், பிறகு நினைவு தப்பும். அதன் பிறகு தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். முதலில் எனக்கு சரோஜாவின் நினைவு வரவில்லை. என் நினைவுதான் வந்தது. தட்டைப் பற்றிச் சொன்னால் மண்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொன்னால் வேலை போகும், அந்த பஸ் வரும். யாருக்கும் தெரியாமல் சமாளித்துவிடலாம் என்று ஒரு புத்தி வந்தது பாருங்கள், அந்தப் புத்தியை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

அடுப்படிக்கு ஓடி, ஒரு குவளை கோப்பியில் நாலு கரண்டி சீனி போட்டுக் கலக்கிவந்தேன். “சரோஜா, இதக் குடிங்க.”

“வேணாம் டிரசரே, நிக்காது.”

“குடிங்கன்னா குடிங்க!” நான் யார்மீதும் எரிந்து விழாதவன். அவர் பயந்துபோய்க் குடித்தார். குடித்தது வயிற்றுக்குப் போய்ச் சேர்ந்திருக்காது, அத்தனையும் குமட்டிக்கொண்டு வெளியே வந்தது. மூன்றாம் நாள் வாந்திக்கு ஒரு சத்தம் உண்டு, வெறும் வயிறு பிசைகிற சத்தம். அதைக் கேட்டுக்கொண்டு குவளையோடு மரமாக நின்றேன்.

இனி ஒரே வழி, நரம்பில் குளுக்கோஸ் ஏற்றுவது. அது இருந்த அலமாரி பூட்டியிருந்தது. சாவி சாரின் இடுப்பில். சாவி கேட்டால் எதற்கு என்று கேட்பார். நான் இன்னும் நின்றுகொண்டிருந்தேன். கொஞ்சம் பொறுப்போம், ஒருவேளை தட்டு திரும்பாமல் இருந்திருக்கலாம், வியர்த்தால் சொல்வோம்.

அப்போது அலமேலு கொட்டாவி விட்டார்.

நன்றாகக் கேளுங்கள். அந்த வாந்தி ஊசி போட்டுக்கொண்டவர்கள் தூங்கி வழிவார்கள். அலமேலு பகலில் கண்ணை மூடி நான் பார்த்ததே இல்லை. “என்னமோ கண்ணக் கட்டுதுலா” என்று சொல்லிக்கொண்டே அவர் சாய்ந்து படுத்தார். ஒரு மனுஷியின் கொட்டாவியைப் பார்த்து நான் அப்படி நடுங்கியது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

வெளியே மாரியக்கா துணி பிழிந்துகொண்டிருந்தார். “அக்கா, ஜன்னல் மேசையத் தொடச்சீங்களா?”

“ஆமா தம்பி. நீ ஓடுனியே, அப்பத்தான். ஏன், என்ன ஆச்சு? மூஞ்சி ஏன் இப்டி வெளுத்துப் போயிருக்கு?”

சாரிடம் ஓடினேன். சார் அந்த ஆளின் விரலில் தையல் போட்டுக்கொண்டிருந்தார். “சார், ஊசிய மாத்திப் போட்டுட்டேன். சரோஜாவுக்கு இன்சுலின் போயிருச்சு.”

அவர் என்னைத் திட்டவில்லை. ஊசியும் நூலும் கையில் இருக்க, “எவ்ளோ நேரம் ஆச்சு?” என்று மட்டும் கேட்டார்.

“பதினஞ்சு நிமிஷம் இருக்கும்.”

“பதினஞ்சு நிமிஷம் என்னாலா பண்ணிக்கிட்டிருந்த?”

பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. சாவிக்கொத்தை உருவிக்கொண்டு ஓடினார், நான் பின்னால். சரோஜாவின் நெற்றி அதற்குள் முத்து முத்தாக வியர்த்திருந்தது. கை படபடவென்று ஆடியது. “கண்ணு இருட்டுது... எம்புள்ள...” என்றார், அதற்குமேல் பேச்சு குழறிவிட்டது. மூன்று நாள் வாந்தியில் நரம்பு உள்ளே போயிருந்தது. சார் ஒருமுறை குத்தினார், கிடைக்கவில்லை. இன்னொருமுறை குத்தினார், கிடைக்கவில்லை. நான் விளக்கைப் பிடித்திருந்தேன், வெளிச்சம் சுவரெல்லாம் ஆடியது. “நேராப் பிடிடா!” என்றார். மூன்றாம் தடவை ரத்தம் சிரிஞ்சுக்குள் எட்டிப்பார்த்தது. மெதுவாக, மெதுவாகக் குளுக்கோஸ் இறங்கியது.

சரோஜா கண்ணைத் திறந்து, “ஏன் எல்லாரும் சுத்தி நிக்கிறீங்க?” என்றபோது நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். குழந்தைக்கு என்ன ஆகுமோ என்ற பயம் அதோடு தீரவில்லை. பிரசவம் வரைக்கும், ஐந்து மாதம், அவர் குடியிருந்த லயத்து வரிசை வீடுகள் பக்கம் போகும்போதெல்லாம் தூரத்திலிருந்தே அவர் வயிற்றைப் பார்த்துக்கொள்வேன். பெண் குழந்தை, நல்லபடியாகப் பிறந்தது. சரோஜாவிடம் நடந்ததை மறுநாளே சொன்னேன். அதன் பிறகு அவர் என் கையால் ஊசி போட்டுக்கொள்ளவே இல்லை. நானும் மன்னிப்பை எதிர்பார்த்துப் போய் நிற்கவில்லை.

மத்தியானம் ரிப்போர்ட் எழுத உட்கார்ந்தோம். சார் கதவைச் சாத்தினார். “தட்ட நவுத்துனது மாரிதான? அத மட்டும் எழுதுவோம்.”

“அவங்கள என்ன செய்வாங்க சார்?”

“திரும்பப் புல்லு வெட்ட அனுப்புவாங்க. ஒனக்கு ஒரு எச்சரிக்கையோட போயிரும். பொய் ஒண்ணும் இல்லலா, அவ நவுத்துனாதான?”

பொய்யில்லைதான், அதனால்தான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. அதில் கையெழுத்துப் போட்டால் நான் தப்பித்துவிடுவேன். களையெடுத்து இடுப்பு போன பிறகுதான் மாரியக்காவுக்கு இந்த வேலையே கிடைத்தது. அவர் செய்த குற்றம் மேசையைச் சுத்தமாகத் துடைத்தது. ஊசித் தட்டை யார் வேண்டுமானாலும் நகர்த்தலாம், ஊசி போடுகிறவன் பார்த்துப் போட வேண்டும். அந்தத் தட்டு அசையக்கூடாது என்பது என் ஒருவனுக்கு மட்டும் தெரிந்த சட்டம். ரகசியமாக ஒரு சட்டத்தை வைத்துக்கொண்டு, அதை மீறிவிட்டாய் என்று இன்னொருத்தியைத் தண்டிக்கலாமா?

சாயங்காலம் ஆபீசில் மானேஜர் முன்னால் நின்றோம். தோட்டத்தில் அவரைத் ‘தொரை’ என்போம். எங்களோடு பழகி எங்கள் தமிழே பேசுவார். கிராணி, அதாவது ஆபீஸ் குமாஸ்தா, மூலையில் டைப் அடித்துக்கொண்டிருந்தார்.

“யாரு தப்பு?”

“என் தப்பு தொரை.” சார் என் காலை மிதித்தார். நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க மாட்டேன் என்று தெரியும். இடது வலது, எண்கள், சங்கு, தட்டு எல்லாவற்றையும் சொன்னேன். குரல் எனக்கே கேட்கவில்லை. டைப் அடிக்கிற சத்தம் நின்றது.

“பைத்தியமா நீ?”

நான் எந்தக் கேள்விக்குப் பயந்து இத்தனை வருடம் ஒளிந்தேனோ, அந்தக் கேள்வி. “இல்ல தொரை. எனக்கு ஞாபகம் மண்டையில நிக்காது, கண்ணு முன்னால இருக்கணும். அத யார்கிட்டயும் சொல்லாம இருந்தேன். அதான் தப்பு.”

அவர் சாரைப் பார்த்தார். “இவன் வேல எப்டி?”

“நல்ல வேலதான் தொரை. ஆனா இது எனக்குத் தெரியாது.”

“தெரிஞ்சா என்னா செஞ்சிருப்ப?”

“ரெண்டு தட்டு வச்சிருப்பேன். ஆளுக்கு ஒண்ணு.”

இரண்டு தட்டு! ஸ்டோரில் தட்டு அடுக்கி அடுக்கிக் கிடந்தது. மூன்று வருடம் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு திரிந்தவனுக்கு, கேட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் எடுத்துக் கொடுத்திருப்பார்கள்.

வேலை போகவில்லை. பக்கத்தில் ஒருவர் நின்று சரிபார்க்காமல் ஊசியைத் தொடக்கூடாது என்று உத்தரவு. கிராணி மூலம் விஷயம் பரவி, கொஞ்ச நாள் லயத்துப் பக்கம் ‘தஞ்சோங்கு போறார்’ என்று முதுகுக்குப் பின்னால் சிரித்தார்கள். வலித்தது, வலிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் எந்த பஸ்ஸும் வரவில்லை.

ஆபீசிலிருந்து நேராக மாரியக்காவிடம் போனேன். அவரைக் காப்பாற்றிவிட்டேன், நன்றி சொல்வார் என்று நினைத்தேன். அவர் விளக்குமாற்றைத் தரையில் போட்டார்.

“மூணு வருசமா ஒங்கூட வேலை செய்யிறேன் தம்பி. ஒன் எச்சித் தட்டக் கழுவியிருக்கேன். ஒனக்குக் காய்ச்சல் வந்தப்பக் கஞ்சி வச்சுக் கொடுத்திருக்கேன். ‘அக்கா, அந்தத் தட்ட மட்டும் தொடாதீங்க’ன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நான் தொட்டிருப்பேனா? அந்தப் புள்ள செத்திருந்தா என் கையிலயும்ல அந்தப் பாவம் ஒட்டியிருக்கும்? நான் யாருன்னு நெனச்ச நீ?”

சொல்லிவிட்டு அழுதார். நானும் அழுதேன். நான் பயந்தது துரைக்கும் டாக்டருக்கும்தான். இவரை ஒரு பொருட்டாக நினைக்கவே இல்லை என்று அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் காலை அவர் ஒரு புது வழக்கம் கொண்டுவந்தார். தோட்டத்தில் விடிவதற்கு முன்னால் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவார்கள், அதற்குப் பெரட்டு என்று பெயர். மாரியக்கா அந்தப் பெரட்டை வார்டுக்குள் கொண்டுவந்துவிட்டார். நான் ஊசியை எடுத்ததும் கட்டிலின் கால்மாட்டில் நின்று பெரட்டில் பெயர் படிக்கிற தண்டல்காரர் மாதிரிக் கூப்பிடுவார்: “அலமேலு! சக்கர ஊசி!” அலமேலு கையைத் தூக்கி, “இருக்கேன்! எனக்குத்தான்!” என்பார். வார்டே சிரிக்கும். சார் முதல் நாள் முகத்தைச் சுளித்தார், அடுத்த மாதம் அவரும் கூப்பிட ஆரம்பித்தார். இன்றைக்கு நீங்கள் நோயாளியின் பெயர் கேட்டு, மருந்தின் பெயர் சொல்லி, பிறகு கொடுக்கிறீர்கள் அல்லவா? எங்கள் தோட்டத்தில் அதைத் தொடங்கிவைத்தவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

எண்பதுகளில் தோட்டத்தை விட்டு ஈப்போவுக்கு வந்தேன். நேர்முகத்தில் முதலிலேயே என் மண்டையைப் பற்றிச் சொன்னேன். ஓரிடத்தில், “பிறகு சொல்லி அனுப்புகிறோம்” என்றார்கள். இன்னும் சொல்லி அனுப்பவில்லை. உண்மையைச் சொன்னால் எல்லாக் கதவும் திறக்கும் என்று உங்களுக்கு நான் கதைவிட மாட்டேன். இன்னோரிடத்தில் ஒரு மேட்ரன், “சரி, உனக்கு என்ன வேணும்?” என்று கேட்டார். அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. “ரெண்டு தட்டு” என்றேன். இருபது வருடத்துக்கு மேல் அங்கேயே இருந்தேன். புதிதாக யார் வந்தாலும் முதல் நாளே அதே கேள்வியை நான் கேட்டேன், பியூன் முதல் டாக்டர் வரை. கேட்கக் கேட்க, ஒவ்வொருவராக அவரவர் ஒளித்துவைத்த தட்டை வெளியே எடுத்தார்கள்.

உங்களில் சிலர் இப்போது என் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்க்கிறீர்கள். எனக்குத் தெரியும். பெயர் கேட்க மாட்டேன். நாளைக்கு வார்டுக்குப் போனதும், உங்கள் மேசையைத் துடைக்கிறவர் யாரோ, அவரிடம் முதலில் சொல்லுங்கள். மேலதிகாரியிடம் அப்புறம் போகலாம்.

சொல்லப் பயமாகத்தான் இருக்கும். எனக்கு இந்த வயதிலும், சற்று முன் இந்த மேடையில் ஆரம்பிக்கும்போதுகூடப் பயமாக இருந்தது. ஆனால் சரோஜா அந்தக் கோப்பியைக் குமட்டிய சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. குவளையோடு நான் நின்ற அந்தப் பதினைந்து நிமிஷம் இருக்கிறதே, அதைவிட இந்தப் பயம் ரொம்பச் சின்னது.